கேளாமை யார் குற்றம்?

சொல்வதெழுதுதல் நடக்கும் வகுப்பில் ஆசிரியர் 'பள்ளி' என்கிறார். மாணவன் 'பல்லி' என்று எழுதுகிறான். ஆசிரியர் அச்சொல்லை மீண்டும் ஒருமுறை அழுத்தி ஒலிக்கிறார். மாணவன் தலையசைத்துவிட்டு, எழுதியதை மாற்றாமலே அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கிறான். அவன் செவியில் விழுந்தது அவன் எழுதிய சொல்லேதான். ஏட்டில் சிவப்பு மை விழுகிறது; அதனருகே 'கவனமின்மை' என்ற குறிப்பும் விழுகிறது. பிழைக்கு மதிப்பெண் குறைப்பது தேர்வு முறை; அதில் வியப்பில்லை. ஆனால் 'கவனமின்மை' என்ற சொல் பிழையைச் சுட்டுவதோடு நில்லாமல் பிள்ளையின் குணத்தின்மேல் ஒரு குற்றத்தையும் ஏற்றிவிடுகிறது. கேட்கக் கூடியதைக் கேளாதிருந்தான் என்பதே அக்குற்றச்சாட்டின் பொருள். கேட்க இயலாதவனையும் கேட்க விரும்பாதவனையும் அச்சொல் ஒரே கூண்டில் நிறுத்தி ஒரே தீர்ப்பை வழங்கிவிடுகிறது.

இவ்விருவரையும் பிரித்தறிய விரும்புவோர், செவி எவ்வாறு கேட்கிறது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். செவியைத் திறந்த வாயிலாகக் கருதுவது பொதுவழக்கு. கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு இதழ் உண்டு. செவிக்கோ மூடி இல்லை. ஆகவே வருவனவெல்லாம் தடையின்றி உட்புகும் என்று பலரும் எண்ணுகின்றனர். ஒலிநூலார் இதனை ஏற்பதில்லை. செவிக்கும் மூடி உண்டு என்பதும், சற்றுமுன் கேட்ட ஒலியே அந்த மூடி என்பதும் அவர்கள் ஆய்ந்து கண்ட உண்மை. உரத்த ஒலி ஒன்று நின்ற மறுகணமே அதனை ஒத்த சுருதியில் மெல்லொலி ஒன்று எழுமாயின், செவி அதனை உணர்வதில்லை. காற்று அதிர்ந்தது, செவிப்பறையும் அதிர்ந்தது. ஆயினும் கேட்டவனுக்கு அங்கே ஒலி இல்லை. இந்த மறைப்பு ஏறத்தாழ 100 முதல் 200 மில்லிநொடி வரை நீடிக்கிறது.

அற்பக் காலந்தானே என்று தோன்றலாம். ஆனால் மொழி நடமாடுவது அந்த அற்பக் காலத்திற்குள்ளேதான். தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவாகக் கண்ணிமையையும் கைந்நொடியையும் கூறினார். கண் ஒருமுறை இமைப்பதற்கும் ஒரு நொடியின் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு நேரமே ஆகும். குற்றெழுத்துக்கு ஒரு மாத்திரை; மெய்க்கு அரை மாத்திரை. அங்ஙனமாயின், உரத்து ஒலித்த ஒன்றன் பின்னே மெலிந்து வரும் ஒற்று எத்துணை இடர்ப்பாட்டினிடையே கேட்போன் செவியைச் சென்றடைகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

முன்னொலி மிகுந்தும் நீடித்தும் ஒலித்தால் அடைப்பும் நீள்கிறது. எந்திரங்கள் இரையும் ஆலையிலிருந்து வேலை முடிந்து வெளியே வரும் தொழிலாளிக்குக் காதில் பஞ்சு அடைத்தாற்போன்ற மந்தம் இருக்கும். சில மணி நேரத்தில், சிலபோது ஒரு நாள் கழித்து, அது நீங்கும். நாள்தோறும் 8 மணி நேரம், 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலினிடையே ஆண்டுக்கணக்கில் உழைப்போருக்கு அது நீங்காமலே நிலைத்துவிடுவதும் உண்டு. அத்தகையவர் வீட்டில் மனைவி மெல்லக் கேட்டதற்கு விடை சொல்லாமல் இருந்தால் அதை அலட்சியம் என்று கோபித்துக்கொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன. காரணம் தெரிந்த பின்னர் அக்கோபம் வருத்தமாக மாறுகிறது. கேளாமை அப்படியே இருக்கிறது. அதன்மேல் இருந்த பழி மட்டும் இடம்மாறி ஆலையைச் சென்று சேர்கிறது.

எனினும் முன்னொலிக்குச் செவி அளிக்கும் முதன்மையை வெறும் குறையென்று தள்ளிவிடவும் இயலாது. 1949இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் என்பார் தம் ஆய்வேட்டில் இதனை விளக்கினார். ஒரே பேச்சை இரண்டு ஒலிபெருக்கிகளின் வழியே, ஒன்றில் சில மில்லிநொடி தாழ்த்தி, ஒலிக்கச் செய்தால், கேட்போர் முதலில் வந்த ஒலியின் திசையிலிருந்தே பேச்சு முழுவதும் வருவதாக உணர்கின்றனர். பிந்தி வந்தது சற்று உரத்ததாக இருந்தாலும் நிலைமை மாறுவதில்லை. பிந்திய ஒலி முந்திய ஒலியோடு கரைந்துவிடுகிறது. இந்த ஏற்பாடு செவியில் இல்லையெனில், நான்கு சுவருள்ள எந்த அறையிலும் ஒருவர் பேசுவதை மற்றவர் தெளிவாகக் கேட்க இயலாது. சுவர்தோறும் பட்டு மீளும் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் குழப்பும். முந்தியதை நம்புதல் செவிக்கு வாழ்வதற்குரிய வழியாக அமைந்திருக்கிறது. பின்னர் அறத்தின் பக்கம் செல்லும்போது இதை மறத்தல் கூடாது.

ஒலியளவில் நிகழும் இது சொல்லளவிலும் நிகழ்கிறது. 1957இல் பீட்டர் லேடிஃபோகட், டொனால்டு பிராட்பென்ட் என்னும் இருவர் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். 'இச்சொல் யாதெனக் கூறுக' என்னும் பொருள்தரும் ஆங்கில வாக்கியம் ஒன்றைக் கருவியின் வாயிலாகப் பல வகையாக ஒலிக்கச் செய்து, அதன் இறுதியில் ஒரு சொல்லை வைத்தனர். இறுதிச் சொல்லில் எம்மாற்றமும் இல்லை. முன்வந்த வாக்கியத்தின் உயிரொலிகளை மட்டுமே மாற்றினர். ஒரு வாக்கியத்தின்பின் 'பிட்' என்று கேட்ட அதே சொல், இன்னொரு வாக்கியத்தின்பின் பெரும்பாலோருக்கு 'பெட்' என்று கேட்டது. கேட்டவர் எவரும் கவனமின்றி இருந்திலர். கூர்ந்து கேட்பதற்கென்றே அமர்ந்திருந்தவர்கள் அவர்கள். இருந்தும், காற்றில் வந்த ஒன்று செவியில் இரண்டாயிற்று.

வர்ஜீனியா மான் என்பார் 1980இல் கண்டது இன்னும் நுட்பமானது. 'டா' என்றும் 'கா' என்றும் கொள்ளத்தக்க ஐயத்திற்குரிய ஓர் ஒலி, 'ஆல்' என்பதன் பின் வந்தால் 'கா' என்றும், 'ஆர்' என்பதன் பின் வந்தால் 'டா' என்றும் மிகுதியாகக் கேட்கிறது. இதற்குக் காரணம் யாது என்பதில் அறிஞர் இரு திறத்தராய்ப் பிரிந்தனர். இரு ஒலிகளின் அதிர்வெண் வேறுபாட்டைச் செவி மிகைப்படுத்திக்கொள்கிறது என்பது ஒரு திறம். பேசுவோனின் நாக்கு முன்னொலியை முடித்துவிட்டு அடுத்த இடத்திற்கு விரையும்போது சற்று இழுபடுகிறது, அந்த இழுப்பைக் கேட்போன் உணர்ந்து கழித்துக்கொள்கிறான் என்பது மற்றொரு திறம். ஆங்கில ஒலிகளைக் கொண்டு இவ்விரண்டையும் பிரிக்க முடியவில்லை. இரு விளக்கங்களும் ஒரே முடிவையே எதிர்நோக்கின. 2010இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, இம்முடிச்சை அவிழ்க்கத் தமிழின் ரகர லகர இனத்து ஒலிகளுள் ஒன்றை நாடிற்று. அதில் சான்று நாவின் பக்கமே சாய்ந்தது. வழக்கு அதனோடு முடிந்துவிடவில்லை. தமிழ் ஒலியொன்று இவ்வழக்கில் சாட்சியாக நின்றதைத் தமிழாசிரியர் அறிந்து மகிழலாம்.

இரண்டாம் விளக்கம் மெய்யெனில், அதனுள் ஓர் அரிய செய்தி பொதிந்திருக்கிறது. முன்னொலியின் சுமையால் பேசுவோனின் நாக்கு இடறினால், கேட்போனின் செவி அந்த இடறலை அவன்மேல் குற்றமாக ஏற்றாமல், முன்னொலியின் கணக்கில் எழுதிவிடுகிறது. எவரும் கற்பிக்காமலே செவி இதைச் செய்கிறது. சிவப்பு மையை எடுக்கும் கை இதைச் செய்வதில்லை.

இலக்கணம் கற்றோருக்கு இவையெல்லாம் முற்றிலும் புதியன அல்ல. நிலைமொழியும் வருமொழியும் ஒன்றையொன்று தீண்டி மாறுவதைப் புணர்ச்சி என்று பெயரிட்டு இயல் இயலாக வகுத்த மொழி தமிழ். 'பொன்' என்பதன் பின் வந்த 'தீது' 'பொன்றீது' ஆகிறது. 'கண்' என்பதன் பின் வந்த 'தீது' 'கண்டீது' ஆகிறது. தகரம் தன் உரு இழந்தது முன்நின்ற எழுத்தின் அண்மையால். 'கல்', 'அகம்', 'சங்கு' என்னும் மூன்று சொற்களில் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. முன்வந்த ஒலி எதுவோ அதற்கேற்பவே ஒலிக்கிறது. ஆனால் தமிழையே கேட்டு வளர்ந்தவருக்கு அம்மூன்றும் ஒரே 'க'தான். வேறுபாடு இருப்பதாக மொழியியலார் சுட்டிக்காட்டினால்தான் அவர் தம் தொண்டையில் கைவைத்துப் பார்த்து வியப்படைகிறார்.

இதுகாறும் கூறியன கணப்பொழுதில் நிகழ்வன. ஆண்டுகளாக நிகழ்வது இதனினும் பெரிது. 1984இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் இருவர் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளை ஆராய்ந்தனர். இந்தியில் உள்ள பல்லொலித் தகரத்தையும் நாவளைத் தகரத்தையும், அதாவது தமிழர் த என்றும் ட என்றும் பிரிக்கும் வகையைச் சேர்ந்த இரு ஒலிகளை, அக்குழந்தைகள் பிரித்தறிகின்றனவா என்பதே ஆய்வு. ஒலி மாறும்போது குழந்தை தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை ஒளிர்ந்து ஆடும். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் மிகப் பலர் திரும்பினர். 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் சிலரே திரும்பினர். இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளோ அவ்வயதிலும் திரும்பினர். பிறக்கும்போது உலக மொழிகள் பலவற்றுக்கும் திறந்திருந்த செவி, முதற்பிறந்தநாள் வருவதற்குள், வீட்டில் ஒலித்த மொழிக்கு ஏற்பத் தன்னைக் குறுக்கிக்கொள்கிறது. அக்குழந்தை இன்னும் 'அம்மா' என்றுகூடச் செம்மையாகச் சொல்லத் தொடங்கியிராது.

இனி, 'பல்லி' என்று எழுதிய மாணவனை நோக்கலாம். அவனைச் சூழ ஒலிக்கும் ஆங்கிலத்திலும் மலாயிலும் லகரம் ஒன்றே. ல, ள, ழ என்னும் மூன்றும் அவன் செவியில் ஒரே பெட்டிக்குள் விழுகின்றன. சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்கள், நிரந்தரவாசிகளுள் தமிழை வீட்டில் மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். ஆங்கிலத்தை அவ்வாறு பேசுவோர் அதே காலத்தில் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்தனர். இவ்வெண்களை மொழிப்பற்றின் அளவுகோலாக மேடைகளில் எடுத்துக்காட்டுவது வழக்கம். செவிகளின் கணக்காகவும் அவற்றைப் படிக்கலாம். தொட்டிலில் கிடந்தவன் எந்த ஒலியைக் கேட்க வேண்டும் என்பதை அவனிடம் எவரும் கேட்டு முடிவு செய்யவில்லை.

ஆசிரியரின் செவி மட்டும் குறையற்றதா? 'அரம்', 'அறம்' என்னும் இரு சொற்களை இன்றைய தமிழருள் பெரும்பாலோர் ஒன்றுபோலவே ஒலிக்கின்றனர். ஒன்றுபோலவே கேட்கவும் செய்கின்றனர். 'கரை', 'கறை' என்பனவும் அவ்வாறே. ஆசிரியர் இவற்றைப் பிழையின்றி எழுதுவது பொருளையும் கண்ணையும் கொண்டு, காதைக் கொண்டன்று. தாமே வேறுபடுத்தி ஒலிக்காத ஓர் எழுத்தை, மாணவன் வேறுபடுத்திக் கேட்கவில்லை என்று குறைகூறுதல் விந்தையான நீதியாகும். மலாய்மொழியில் 'இரண்டு' என்னும் பொருளில் ஒரு சொல் உண்டு. 'முதிய' என்னும் பொருளில் இன்னொரு சொல் உண்டு. தமிழ் எழுத்தில் இரண்டையும் 'துவா' என்றே எழுத முடியும். 'பொருள்' என்பதற்கும் 'வெட்டுக்கத்தி' என்பதற்கும் உரிய மலாய்ச் சொற்களும் அவ்வாறே, இரண்டும் 'பாராங்'. மலாய்க் குழந்தைக்கு அவை பகலும் இரவும்போல வேறானவை. தமிழை மட்டுமே கேட்டு முதிர்ந்த செவி அவற்றினிடையே தடுமாறும். அத்தடுமாற்றத்தைக் கவனமின்மை என்று ஒரு மலாய்க்காரர் சொல்வாரானால் தமிழர் அதை ஏற்பாரா?

ஒருவனால் இயலாத ஒன்றை அவன் செய்திலன் எனப் பழித்தல் முறையன்று; அறநூலார் பலரும் உடன்படும் கருத்து இது. கால் ஒடிந்தவனைப் பார்த்து ஏன் ஓடவில்லை என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் இக்கருத்தைச் செவிக்கு அப்படியே பொருத்தினால் ஓர் இடர் எழுகிறது. எல்லாச் செவியும் முன்னொலிகளால் அமைந்தனவே என்றால், எந்தக் கேளாமைக்கும் எவரும் பொறுப்பாளர் அல்லர் என்று முடிந்துவிடும். ஏழையின் முறையீட்டைக் கேளாத அதிகாரி, தன் செவி அவ்வாறு பழகிவிட்டது எனலாம். மகளின் மறுப்பைக் கேளாத தந்தையும் அதையே சொல்லலாம். ஊழ் என்று ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர் ஆள்வினையுடைமை என்று மற்றோர் அதிகாரமும் வைத்ததற்குக் காரணம் இல்லாமற் போகவில்லை.

மேடைதோறும் சொல்லித் தேய்ந்த கதையே ஆயினும், பாண்டியன் நெடுஞ்செழியனின் கதையை இந்நோக்கில் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும். ஊடிச் சென்ற தேவியைத் தேற்றும் நினைவோடு அவன் அந்தப்புரம் நோக்கிச் செல்கையில் பொற்கொல்லன் எதிர்ப்பட்டான். தேவியின் சிலம்பைக் கவர்ந்த கள்வன் அகப்பட்டான் என்ற சொல் முதலில் வந்தது. அதன்பின் வேறொரு சொல்லுக்கு அவன் செவியில் இடமிருக்கவில்லை. கோவலனை அழைத்து வினவினான் அல்லன். கோவலனின் குரல் அவனை எட்டவே இல்லை. கண்ணகி வந்து நின்றபோதும், தான் செய்தது செங்கோல் முறையே என்றுதான் அவன் முதலில் விடையிறுத்தான். பொற்கொல்லனின் சொல்லே அப்போதும் அவன் வாய்வழியே பேசிற்று. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் சொன்ன பிறகுதான், தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்பது அவன் நினைவுக்கு வந்தது. பரல் தெறித்து விழுந்ததும் அவன் என்ன செய்தான்? பொய் சொன்ன கொல்லன்மேல் பழியை ஏற்றி உயிர் பிழைத்திருக்கலாம். அவன் அதைச் செய்திலன். கொல்லன் சொல்லைக் கேட்டதையே தன் குற்றமாகக் கொண்டான்.

செவி முன்னொலியால் அடைபடுவது இயல்பு எனின், மாணவனுக்குப் பொருந்தும் மன்னிப்பு மன்னனுக்கு ஏன் பொருந்தவில்லை? விடை, வரிசையை அமைக்கும் வல்லமையில் இருக்கிறது. எந்த ஒலி முன்வரும், எது பின்வரும் என்பதில் தொட்டிற் குழந்தைக்கு எவ்வித அதிகாரமும் இல்லை. மன்னனுக்கோ முழு அதிகாரமும் இருந்தது. 'அவனையும் அழைத்து வருக' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கேளாமைக்கான பொறுப்பு, கேளாதவனையே எப்போதும் சாரும் என்பதில்லை. முன்னொலிகளின் வரிசையை மாற்ற வல்லவர் எவரோ, மாற்ற வல்ல அளவுக்கு அவரையே அது சாரும். சில வேளை அவர் கேட்பவராகவே இருப்பார். சில வேளை அவர் கேட்பவரின் பெற்றோராக, ஆசிரியராக, ஆலை முதலாளியாக இருப்பார்.

இவ்வல்லமையைத் தன்மேல் தானே செலுத்திய ஓர் அரசனைப் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் கூறுகிறார். மாசிதோனிய மன்னன் அலெக்சாந்தர், உயிர்த்தண்டனைக்குரிய வழக்குகளில் குற்றம் சாட்டுவோன் பேசும்போது தன் ஒரு காதைக் கையால் பொத்திக்கொள்வானாம். குற்றம் சாட்டப்பட்டவனுக்காக அந்தக் காதை மாசுபடாமல் வைத்திருப்பதற்காக. உடற்கூற்றின்படி இது பயனற்ற செயல். ஒரு காதில் நுழைந்தது இரு காதுக்கும் உரிய ஒரே மூளையைத்தான் அடைகிறது. ஆயினும் தன் செவி முதற்சொல்லுக்கு அடிமைப்படும் என்பதை முன்னரே உணர்ந்த ஒருவனின் செயல் அது. புளூட்டார்க் அதோடு நிறுத்தவில்லை. நாளடைவில் எண்ணற்ற குற்றச்சாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, அவற்றுள் பல மெய்யாக இருந்தமையால், பொய்யானவற்றையும் நம்பும் கடுமை அம்மன்னனுக்கு வந்துவிட்டது என்றும் எழுதுகிறார். பொத்திய கை, ஒரு வழக்கின் முன்னொலியைத் தடுத்தது. ஆண்டுகளின் முன்னொலியைத் தடுக்க அதனால் இயலவில்லை.

பள்ளியில் அரியணைகள் இல்லை. ஆயினும் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ஒரு வகுப்பு ஓர் ஆசிரியர் கையிலிருந்து மற்றோர் ஆசிரியர் கைக்கு மாறுகிறது. மாறும்போது, பெயர்ப்பட்டியலோடு சில சொற்களும் கைமாறுகின்றன: 'இவன் கெட்டிக்காரன், ஆனால் பிடிவாதக்காரன்', 'அவன் பிடிவாதக்காரன், ஆனால் கெட்டிக்காரன்'. இரண்டிலும் சொற்கள் ஒன்றே. 1946இல் சாலமன் ஆஷ் என்னும் உளநூலார் ஒருவரைப் பற்றிய ஆறு பண்புகளைச் சிலருக்கு வாசித்துக் காட்டினார். அறிவாளி, உழைப்பாளி எனத் தொடங்கிப் பிடிவாதம், பொறாமை என முடியும் வரிசை அது. வேறு சிலருக்கு அதே பண்புகளைத் தலைகீழாக வாசித்தார். முதல் வரிசையைக் கேட்டவர்களிடம் குறைகள் சில உள்ள ஆற்றலாளன் ஒருவன் உருவானான். இரண்டாம் வரிசையைக் கேட்டவர்களிடம் குறைகளால் ஆற்றல் கெட்ட ஒருவன் உருவானான். முன்னே கேட்ட நல்ல சொல், பின்னே வந்த தீய சொல்லின் பொருளையே மாற்றிவிடுகிறது, வாக்கியத்தின் உயிரொலி 'பிட்' என்பதைப் 'பெட்' ஆக்கியது போல. ஆசிரியர் அறையில் தேநீரோடு வழங்கப்படும் ஒரு சொல், வகுப்பில் ஒரு பிள்ளை எழுப்பும் குரலுக்கு ஓராண்டுக் காலம் மூடியாக அமைந்துவிடக் கூடும். அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது. தெரிந்தாலும் அவனால் செய்யக் கூடியது ஒன்றும் இல்லை. சொல்லியவர் அதை மறுநாளே மறந்திருப்பார். முந்தைய குறிப்பைப் படிக்காமல் வகுப்புக்குப் போவது நடைமுறைக்கு ஒத்துவராது என்பர், உண்மைதான். நோயுற்ற பிள்ளை, செவித்திறன் குறைந்த பிள்ளை ஆகியோரைப் பற்றி முன்னரே அறியாமலிருப்பது கொடுமையுமாகும். ஆனால் உடல்நிலைக் குறிப்பு வேறு, குணத்தீர்ப்பு வேறு. பின்னதைச் சில வாரம் தள்ளிப் படிப்பதால் பள்ளி இடிந்துவிடாது.

இனி, அடைபட்ட செவி மீண்டும் திறக்குமா என்பது எஞ்சி நிற்கிறது. திறவாது எனின், இத்துணை ஆராய்ச்சியும் ஓர் இரங்கற்பாவாக முடியும். சப்பானியர் ஆங்கிலத்தின் ரகர லகர வேறுபாட்டைக் கேட்க இடர்ப்படுவர் என்பது பலரும் அறிந்தது. அவர்கள் மொழியில் அவ்வேறுபாடு இல்லை. 1991இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஜான் லோகன், ஸ்காட் லைவ்லி, டேவிட் பிசோனி என்னும் மூவர் வயது வந்த சப்பானியர் சிலருக்கு மூன்று வாரப் பயிற்சி அளித்தனர். சொல் ஒன்று ஒலிக்கும். ரகரமா, லகரமா என்று அவர்கள் தெரிவு செய்ய வேண்டும். சரியா, தவறா என்பது உடனே தெரிவிக்கப்படும். எவரையும் கடிந்துகொள்வதில்லை. பயிற்சியின் முடிவில் அவர்கள் கேட்கும் திறன் உயர்ந்தது. பெரிய உயர்வு என்று சொல்வதற்கில்லை. ஆனால் பயிற்சி முடிந்து மூன்று மாதம் சென்ற பின்னும் அவ்வுயர்வு தங்கியிருந்ததைப் பிந்தைய ஆய்வு காட்டிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குறுகிக் கிடந்த செவிகள் அவை. அந்நிலையில், ஏழெட்டு வயதுச் செவியைப் பற்றி எவரும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

அவ்வாய்வாளர்கள் கண்ட இன்னொன்று தமிழ் வகுப்புக்கு நேரடியாக உரியது. பல குரல்களில் சொற்களைக் கேட்டுப் பயின்றவர்கள், அதுவரை கேட்டிராத புதிய குரலிலும் வேறுபாட்டை உணர்ந்தனர். ஒரே ஒருவர் குரலில் பயின்றவர்கள், பயிற்சிக்குள் முன்னேறினராயினும், வேற்றுக் குரல் வந்தபோது அம்முன்னேற்றத்தை அங்கே கொண்டுசெல்ல இயலாதவர் ஆயினர். அவர்கள் கற்றது மொழியின் ஒலியை அன்று. ஒரு மனிதரின் ஒலியை. ஆண்டு முழுவதும் ஒரே ஆசிரியரின் குரலில் ளகரத்தையும் ழகரத்தையும் கேட்கும் மாணவன், அவரளவில் தேர்ந்தும், தேர்வு அறையில் ஒலிப்பதிவிலிருந்து எழும் வேறொரு குரலின் முன் திகைத்தும் நிற்பதற்கு இது காரணமாக இருக்கலாம். வானொலியில் மின்னல் எஃப்எம் உண்டு, ஒலி 96.8 உண்டு, அடுத்த வகுப்பு ஆசிரியை உண்டு, ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் தாத்தா உண்டு, அதனைத் திருத்தமாக ஒலிக்கும் பாட்டியும் உண்டு. பிழையாக ஒலிப்பவரின் குரலும் பயிற்சிக்கு உதவுமா என்று சிலர் ஐயுறுவர். பள்ளி, பல்லி என்னும் இரண்டையும் ஒன்றாக ஒலிப்பவர் அவ்விரண்டையும் கற்பிக்க இயலாது என்பது மெய்யே. ஆனால் அவருக்கு ரகரமும் டகரமும் தெளிவாக இருக்கலாம். இருப்பதை அவரிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம்.

திருக்குறளில் கல்லாமைக்கும் அறிவுடைமைக்கும் இடையில் கேள்வி என்னும் அதிகாரம் நிற்கிறது. கல்லாதவன் அறிவுடையோன் ஆவதற்கு நடுவில் உள்ள பாலமாக அதனை உரையாசிரியர்கள் விரித்துரைப்பர். அப்பாலத்தைக் கடக்க வருபவன் எத்தகைய ஒலிகளைக் கேட்டுவிட்டு வருகிறான் என்பதை விசாரிக்கும் பொறுப்பு, பாலத்தின் மறுகரையில் ஏற்கெனவே நிற்பவருடையது. 'பல்லி' என்று எழுதியவனுக்கு மதிப்பெண் குறையத்தான் வேண்டும். பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிட முடியாது. ஆனால் அவன் ஏட்டில் 'கவனமின்மை' என்று எழுதும் இடத்தில், 'ல, ள வேறுபாடு இன்னும் செவிக்கு எட்டவில்லை. வேறு குரலில் மீண்டும் கேட்பிக்க' என்று எழுதினால், அக்குறிப்பை அடுத்துப் படிக்க வேண்டியவர் மாணவர் அல்லர், ஆசிரியரே.